உயரம் கட்டடத்தில் இருக்கிறது

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையைச் சுவரோரத்திலிருந்து கூடத்தின் நடுவுக்கு இழுத்துப் போட்டால், அன்றைக்கு ரோபோச் சண்டை என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பத்து மணிக்குள் நண்பர்கள் ஆளுக்கொரு டப்பாவோடு வந்துவிடுவார்கள். ஒருவர் கொண்டுவருவது ஜப்பானின் பண்டாய் நிறுவனம் செய்யும் கன்டம் ரோபோ. பன்னிரண்டரை சென்டிமீட்டர் உயரம். முட்டி, முழங்கை எல்லாம் மடங்கும். இன்னொருவரிடம் இருப்பவை அமெரிக்க ‘பேட்டில்டெக்’ விளையாட்டின் போர் எந்திரங்கள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம்தான். மூன்றாமவரின் மகன், திருவிழாக் கடையில் வாங்கிய, லாரியாக மாறும் ரோபோவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வருவான். அதைச் செய்தவர் யாரென்று அட்டைப்பெட்டியிலும் போட்டிருக்காது. இந்த மூன்றையும் ஒரே களத்தில் இறக்கிச் சண்டை நடத்த முடியுமா? முடியும் என்றால் எந்த விதியோடு, எப்படிப்பட்ட நிலத்தின் மேல்?

இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்வார்கள். ஒரே விளையாட்டின் ஒரே அளவு மாடல்களைத்தான் வைக்க வேண்டும், கலந்தால் கெட்டது என்பது ஒன்று. எதை வேண்டுமானாலும் வை, கற்பனை இருந்தால் போதும் என்பது மற்றொன்று. இரண்டுமே ரோபோவை மட்டும் பார்த்துச் சொல்லும் பதில்கள். பல வருடங்களாக இந்த மேசையை நடத்திப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது வேறு. விடை ரோபோவில் இல்லை. அது நிற்கும் மண்ணில், அதன் பக்கத்தில் இருக்கும் வீட்டில், வீட்டின் ஜன்னலில் இருக்கிறது. ஆகவே கையால் செய்த நிலப்பரப்பைக் காசில்லாதவர்களுக்கான மாற்று ஏற்பாடாக நான் பார்ப்பதில்லை. கலந்த மாடல்களை ஒன்றாகக் கட்டிப்போடும் கயிறே அதுதான்.

இதை முதலில் நிரூபித்தவர்கள் சினிமாக்காரர்கள். 1954-இல் ஜப்பானின் தோஹோ நிறுவனம் ‘காட்ஸில்லா’ எடுத்தபோது, தந்திரக் காட்சிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் சுபுராயா எய்ஜி. கதைப்படி அந்த மிருகத்துக்கு 50 மீட்டர் உயரம். கேமராவுக்கு முன்னால் நின்றதோ ரப்பர் உடைக்குள் புகுந்த ஓர் ஆள், உடையோடு சேர்த்து ஏறக்குறைய 2 மீட்டர். சுபுராயாவின் ஆட்கள் டோக்கியோவை 1/25 அளவில் கட்டினார்கள். 2 மீட்டர் ஆள் 50 மீட்டர் ஆனான். முப்பது வருடம் கழித்து, 1984-இல் மறுபடியும் காட்ஸில்லா வந்தபோது டோக்கியோவில் வானளாவிகள் எழும்பிவிட்டன. பழைய உயரத்தில் மிருகம் அவற்றுக்கு நடுவே காணாமல் போய்விடும். எனவே அதை 80 மீட்டர் ஆக்கினார்கள். உடைக்குள் நிற்கும் மனிதனை வளர்க்க முடியாது. மாதிரிக் கட்டடங்களைத்தான் சிறிதாக்கினார்கள்.

ரோபோவுக்கும் இதே கணக்குத்தான். மனித உருவத்துக்கு நம் கண்ணில் ஒரு நிலையான அளவு உண்டு. மனித வடிவில் இருக்கும் எந்திரத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. 1995-இல் வந்த ‘எவாஞ்சலியன்’ தொடரில் ரோபோவின் உயரம் காட்சிக்கு ஏற்பக் கூடும், குறையும். பார்த்தவர்கள் யாரும் அதைக் குறையாக எண்ணவில்லை. பக்கத்தில் இருக்கும் மின்கம்பமும் பாலமும் எதைச் சொல்கின்றனவோ அதையே கண் நம்பிவிடுகிறது.

கலந்து விளையாடுவதும் நிலத்தைக் கையால் அமைப்பதும் புது வழக்கம் அல்ல. பிரஷ்ய அரசருக்காக ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1812-இல் செய்துகொடுத்த போர் விளையாட்டு மேசை, இடம் மாற்றி அடுக்கக்கூடிய நிலப்பரப்புத் துண்டுகளால் ஆனது. மலை, ஆறு, சாலை என்று ஒவ்வொன்றும் தனித் துண்டு. நூறு வருடம் கழித்து, 1913-இல் எச்.ஜி.வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதினார். பொம்மைச் சிப்பாய்களை வைத்து வீட்டுத் தரையில் போர் நடத்துவதற்கான புத்தகம் அது. தானும் நண்பரும் முதன்முதலில் களம் அமைத்தது கலைக்களஞ்சியத் தொகுதிகளைத் தரையில் அடுக்கித்தான் என்று அதிலேயே சொல்கிறார். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் மிருகப் பொம்மைகளை ஒரு பையில் வாங்கி வந்து மேசையில் நிறுத்தினார். அந்தப் பொம்மைகளின் விநோத வடிவங்களிலிருந்தே ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் பெயர்பெற்ற சில பூதங்கள் பிறந்தன. 1987-இல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிட்ட ‘ரோக் டிரேடர்’ விதிப்புத்தகம், காலியான டியோடரன்ட் குப்பியிலிருந்து மிதக்கும் பீரங்கி வண்டி செய்வதைச் சொல்லிக்கொடுத்தது. மறு வருடமே அவர்கள் கொண்டுவந்த ‘அடெப்டஸ் டைட்டானிகஸ்’ என்ற ராட்சத ரோபோ விளையாட்டின் பெட்டியில் ரோபோக்களோடு தெர்மோகோல் கட்டடங்களும் இருந்தன. நிறுவனமே தெர்மோகோலில் தொடங்கியிருக்கிறது. நாம் தயங்க என்ன இருக்கிறது?

பேட்டில்டெக்கின் கதை இன்னும் நெருக்கமானது. சிகாகோவில் ஜோர்டன் வைஸ்மனும் ராஸ் பாப்காக்கும் 1980-இல் தொடங்கிய ஃபாஸா நிறுவனம், 1984-இல் ‘பேட்டில்டிராய்ட்ஸ்’ என்ற பெயரில் இதை வெளியிட்டது. ‘டிராய்ட்’ என்ற சொல்லுக்கு லூகாஸ்ஃபிலிம் உரிமை கோரியதால் அடுத்த வருடமே பெயர் மாறியது. அந்த முதல் பெட்டிக்குள் இருந்தவை இரண்டு ஜப்பானிய பிளாஸ்டிக் ஒட்டு மாடல்கள். ‘டக்ராம்’ என்ற கார்ட்டூன் தொடரின் ரோபோக்கள் அவை. மற்ற எந்திரங்களுக்கான உருவங்கள் ‘மேக்ராஸ்’ தொடரிலிருந்தும் ‘க்ரஷர் ஜோ’ படத்திலிருந்தும் வந்தன. வெவ்வேறு கதைகளைச் சேர்ந்த, ஒன்றையொன்று அறியாத ரோபோக்களை ஒரே பெட்டியில் போட்டு, ஒரே போரில் இறக்கி, புதிதாக ஒரு உலகத்தையே அதைச் சுற்றிக் கட்டினார்கள். இன்று ‘அசல் மாடல்’ என்று மதிக்கப்படும் விளையாட்டு பிறந்ததே கலப்பில். அந்த உருவங்களின் உரிமை பற்றி எழுந்த வழக்கின் முடிவில், 1996-இல் ஃபாஸா அவற்றைத் தன் வெளியீடுகளிலிருந்து எடுத்துவிட்டது. ரசிகர்கள் அவற்றுக்கு ‘காணப்படாதவை’ என்று பெயர் வைத்தார்கள். புத்தகத்திலிருந்து படம் போனது. வீட்டு மேசைகளிலிருந்து ஈய பொம்மைகள் போகவில்லை.

இனி அளவுக்கு வருவோம். 1/144 என்றால் அசலில் 144 சென்டிமீட்டர் இருப்பது மாடலில் 1 சென்டிமீட்டர். கன்டம் ரோபோவுக்குக் கதைப்படி 18 மீட்டர் உயரம், எனவே 12.5 சென்டிமீட்டர். 1980-இல் பண்டாய் இந்த அளவில் முதல் மாடலை 300 யென்னுக்கு விற்றது. பள்ளிப் பிள்ளைகளின் கைக்காசுக்கு எட்டும் விலை என்பதால் இந்த அளவு உலகமெல்லாம் பரவியது. பேட்டில்டெக்கின் உருவங்கள் 1/285 அளவில் இருப்பவை. அசலில் 12 மீட்டர் எந்திரம், கையில் 4 சென்டிமீட்டர் சொச்சம். கன்டம் ரோபோவை 1/285 கட்டடங்களுக்கு நடுவே நிறுத்திப் பாருங்கள். அதன் உயரம் உடனே 35 மீட்டரைத் தாண்டிவிடும். பொம்மை மாறவில்லை, ஒரு மாடியை எத்தனை சென்டிமீட்டராகச் செய்கிறோம் என்பது மாறியிருக்கிறது. 3 மீட்டர் மாடி 1/144-இல் 2 சென்டிமீட்டர், 1/285-இல் 1 சென்டிமீட்டர். கட்டடம் செய்கிறவர் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் இவை இரண்டும்தான்.

அளவுச் சுத்தம் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பேட்டில்டெக் வரைபடத்தில் ஓர் அறுகோணக் கட்டம் என்பது 30 மீட்டர் நிலம். அந்தக் கட்டம் தாளில் 3 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். அதாவது நிலம் ஏறத்தாழ 1/950 அளவில் இருக்கிறது. அதன்மேல் நிற்கும் எந்திரமோ 1/285. அதிகாரபூர்வமான மேசையிலேயே கிடைவாட்டில் ஒரு கணக்கு, நெட்டுவாட்டில் ஒரு கணக்கு. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இப்படிச் செய்யாவிட்டால் ஒரு துப்பாக்கியின் வீச்சுக்கே கூடம் போதாது. போர் விளையாட்டு என்பது எப்போதுமே அளவுகளைக் கலந்து, ஆனால் பார்ப்பவர் நம்பும்படி கலந்து, நடத்தும் கலை.

விதிகளைப் பார்த்தால், கலப்பு மாடல்களை அவை நடத்தும் விதம் ஒன்றுபோல இல்லை. அறுகோணக் கட்டத்தில் ஆடும் மூல பேட்டில்டெக்குக்குப் பொம்மையின் உருவமே பொருட்டில்லை. எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற இரண்டு மட்டும் தெரிந்தால் போதும். எந்திரம் ஒவ்வொன்றும் இரண்டு ‘நிலை’ உயரம், ஒரு நிலை 6 மீட்டர் என்று விதியே சொல்லிவிடுகிறது. திருவிழாக் கடை ரோபோவும் இங்கே முழு உரிமையோடு நிற்கலாம். அங்குல நாடாவால் அளந்து ஆடும் ஆட்டங்களில் நிலைமை வேறு. 2013-இல் வந்த ‘ஆல்ஃபா ஸ்ட்ரைக்’ கட்டத்தை விட்டுவிட்டு, ஒரு கட்டத்துக்கு 2 அங்குலம் என்று மாற்றிக்கொண்டது. இங்கே மேசையின் மேல் என்ன நிற்கிறதோ அதுவே உண்மை; பொம்மையின் பருமனும் கணக்கில் வந்துவிடும்.

முதலிலிருந்தே எந்த மாடலுக்கும் என்று எழுதப்பட்ட விதிகளும் உண்டு. பிரிட்டனின் ஆஸ்ப்ரே பதிப்பகம் வெளியிட்ட ‘காமா வுல்வ்ஸ்’ அப்படிப்பட்டது. என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது 2012-இல் வந்த ‘மொபைல் ஃப்ரேம் ஸீரோ’. வின்சென்ட் பேக்கர் முன்பே எழுதியிருந்த ‘மெக்கட்டான்’ விளையாட்டை அவரும் ஜோஷுவா நியூமனும் சேர்ந்து விரித்து எழுதினார்கள். இதில் ரோபோக்களை லெகோ கட்டைகளால் அவரவரே செய்துகொள்ள வேண்டும். வெள்ளைப் பகடை எல்லோருக்கும். ஆயுதம் பொருத்தியிருந்தால் சிவப்பு, கவசம் இருந்தால் நீலம், ஓடும் சக்கரம் இருந்தால் பச்சை, குறிபார்க்கும் கருவி இருந்தால் மஞ்சள். எல்லாப் பகடையையும் ஒரே தடவை உருட்டி, எந்த எண்ணை எதற்கு வைப்பது என்று அப்புறம் முடிவு செய்யலாம். அடி விழுந்தால் காகிதத்தில் கோடு போடுவதில்லை. ரோபோவிலிருந்து அந்தக் கட்டையையே பிடுங்கி மேசைமேல் வைக்க வேண்டும். கையிழந்த எந்திரம் கையிழந்தே நிற்கும். ஒரு பொம்மையைப் பார்த்த மாத்திரத்தில் அது என்ன செய்யும் என்று தெரிய வேண்டும் என்ற கொள்கையை இதைவிடச் சுத்தமாக யாரும் செய்து காட்டவில்லை. கலப்பு மேசை நடத்துகிறவர் எந்த விதியோடு ஆடினாலும் இந்தக் கொள்கையைக் கடன் வாங்கிக்கொள்ள வேண்டும். பொம்மையின் கையில் வாள் இருந்தால் அது நெருங்கிச் சண்டை போடும் எந்திரம். தோளில் குழாய் இருந்தால் அது ஏவுகணை. எதிராளி விவரத் தாளைப் புரட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்ற நிலை வந்தால் மேசையில் பொம்மை எதற்கு?

மாடல்களைக் கலப்பதில் உண்மையான சிக்கல் பார்வைக் கோட்டில்தான் வருகிறது. நான் நடத்திய ஆரம்ப ஆட்டம் ஒன்றை இன்னும் மறக்கவில்லை. பெரிய கன்டம் ரோபோ ஒன்று, எதிரே கட்டைவிரல் எந்திரங்கள் நான்கு. மேசையில் நான் வைத்திருந்த வீடுகள் எல்லாம் 5, 6 சென்டிமீட்டர் உயரம். சின்ன எந்திரங்கள் வீட்டுக்கு வீடு ஒளிந்து ஒளிந்து முன்னேறின. பெரியதற்கு ஒளிய ஓர் இடம் இல்லை. எங்கே நின்றாலும் இடுப்புக்கு மேல் தெரிந்தது. இரண்டாவது சுற்றிலேயே கதை முடிந்தது. அதைக் கொண்டுவந்த பையன் ஒன்றும் சொல்லாமல் கழன்ற கையை எடுத்துப் பொருத்திக்கொண்டிருந்தான். தப்பு அவன் பொம்மையில் இல்லை, என் ஊரில் இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாற்றங்கள் செய்தேன். ஒன்று, எல்லா ரோபோக்களையும் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று வகுப்பாகப் பிரித்து, வகுப்புக்கு ஒரு அட்டை வெட்டிவைத்தேன். பார்வைக் கோட்டில் சந்தேகம் வந்தால் பொம்மையை நகர்த்திவிட்டு அந்த அட்டையை நிறுத்திப் பார்ப்போம். மண்டியிட்ட நிலையில் இருக்கும் மாடலுக்கு லாபமும் இல்லை, கையைத் தூக்கி வீரமாக நிற்பதற்கு நஷ்டமும் இல்லை. இரண்டு, ஊரை மறுபடி கட்டினேன். எந்த மேசையிலும் நிலப்பரப்பு மூன்று உயரத்தில் இருக்க வேண்டும். முழங்கால் மட்டம், இடுப்பு மட்டம், தலைக்கு மேல். இந்த மூன்றும் மேசையில் இருக்கும் மிகப் பெரிய ரோபோவுக்கும் மிகச் சிறிய ரோபோவுக்கும் தனித்தனியாகப் பொருந்த வேண்டும். சிறியதற்குத் தலைக்கு மேல் இருப்பது பெரியதற்கு முழங்கால் என்று அடுக்கிக்கொண்டே போனால், ஐந்து உயரங்களில் துண்டுகள் செய்தாலே ஊர் எல்லோருக்கும் போதும்.

நிலம் எவ்வளவு கனமாக ஆட்டத்தில் இறங்குகிறது என்பதற்கு பேட்டில்டெக் பகடைக் கணக்கே சாட்சி. இரண்டு பகடை உருட்டி 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டுமென்றால் 36-இல் 15 வாய்ப்பு. குறுக்கே ஒரு லேசான காடு வந்தால் 9 வேண்டும். வாய்ப்பு 10 ஆகிவிடும். அடர்ந்த காடு வந்தால் 10 வேண்டும். வாய்ப்பு வெறும் 6. பல்குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றிச் செய்த நாலு மரம், எதிராளியின் துப்பாக்கியில் பாதிக்கு மேல் பிடுங்கிவிடுகிறது. தண்ணீரும் சும்மா இல்லை. இந்த விளையாட்டில் சுடச் சுட எந்திரம் சூடேறிக்கொண்டே போகும், எல்லை மீறினால் நின்றுவிடும். குளத்தில் இறங்கி நின்றால் சூடு சீக்கிரம் தணியும். ஒரு துண்டு நீல அட்டைக்கு அவ்வளவு மதிப்பு. கட்டடங்களுக்கும் தாங்கும் எடை உண்டு. லேசான கட்டடம் 15 டன்தான் தாங்கும். பேட்டில்டெக்கின் மெலிந்த எந்திரமான லோகஸ்டே 20 டன், மாடியில் ஏறினால் வீட்டோடு கீழே வரும். 100 டன் அட்லஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே வீடு செய்கிறபோதே அது குடிசையா, காங்கிரீட்டா என்று பார்த்தாலே தெரிகிற மாதிரி செய்துவிட வேண்டும்.

செய்யும் விதத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் தெர்மோகோல் தாள்தான் அடிப்படை. ஒரு அங்குல கனத்தில் வாங்கினால் அது 1/285-இல் ஏறக்குறைய இரண்டரை மாடி, 1/144-இல் ஒரு மாடியும் கொஞ்சமும். புது பிளேடால், அழுத்தாமல், நாலைந்து தடவை இழுத்து வெட்ட வேண்டும். மழுங்கிய பிளேடு முத்து முத்தாகப் பிய்த்துவிடும். அந்த முத்துக்களை ஒரு வாரம் பெருக்கினாலும் தீராது. சூடேற்றிய கம்பியால் வெட்டினால் வெண்ணெய்போல வரும், ஆனால் அந்தப் புகை நல்லதல்ல. மொட்டைமாடியில், காற்றோட்டத்தில் மட்டுமே செய்கிறேன். வெட்டிய பின் முத்துத் தடம் தெரியாமலிருக்க வால்பட்டியில் ஃபெவிகால் கலந்து பூசுவேன். பட்டியை மட்டும் பூசினால் காய்ந்து உதிரும். ஸ்ப்ரே பெயின்டை நேரே அடித்தால் தெர்மோகோல் கரைந்து குழி விழுந்துவிடும். மூன்று நாள் உட்கார்ந்து செய்த ஒரு தொழிற்சாலையை இப்படி ஐந்து நிமிடத்தில் இழந்திருக்கிறேன். முதலில் ஃபெவிகாலும் எமல்ஷனும் இரண்டு கோட்; அதற்கு மேல்தான் எதுவும்.

சுவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகையை மிஞ்சிய அட்டை இல்லை. கெட்டியாக இருக்கும், விளிம்பு பிசிறாது, ஜன்னல் வெட்டினால் மூலை கூராக நிற்கும். முகூர்த்த மாதங்கள் முடிந்தால் எனக்கு ஒரு தெருவுக்கான சுவர் சேர்ந்துவிடும். காலியான மாத்திரை அட்டை கண்ணாடிக் கூரை. பி.வி.சி. குழாயின் எல்போவும் மூடியும் சுத்திகரிப்பு ஆலையின் தொட்டிகள். தச்சுப்பட்டறை மரத்தூளைப் பச்சை போஸ்டர் கலரில் நனைத்துக் காயவைத்தால் புல். தேங்காய் நாரைத் துண்டு துண்டாக நட்டால் காய்ந்த கோரை. இவை எல்லாம் 1/144-க்கும் 1/285-க்கும் சமமாகப் பொருந்தும். அளவைக் காட்டிக்கொடுப்பவை கதவு, ஜன்னல், படிக்கட்டு, வண்டி, மனிதன் ஆகிய ஐந்து மட்டும். கலப்பு மேசைக்குக் கட்டடம் செய்யும்போது இந்த ஐந்தை எங்கே வைப்பது, எங்கே வைக்காமல் விடுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது. பாறை, மேடு, காடு, இடிந்த சுவர், தொட்டி, குழாய் இவற்றுக்கு அளவே கிடையாது. எந்த ரோபோவோடும் சேரும். அதனால் என் மேசையில் பாதிக்கு மேல் இவைதான்.

நம் ஊர் வீட்டில் ஆடுகிறவருக்கு இன்னொரு எதிரி உண்டு, தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி. தெர்மோகோல் கட்டடம் எடையே இல்லாதது. மூன்றாம் எண்ணில் விசிறி வைத்தால் நகரம் பறக்கும். விசிறியை நிறுத்தினால் ஆடுகிறவர்கள் வெந்துபோவார்கள். ஒவ்வொரு கட்டடத்தின் அடியிலும் உடைந்த தரை டைல்ஸ் துண்டு ஒன்றை ஒட்டிவைத்த பிறகு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. மலைகளைச் சரிவாகச் செய்யாமல் படிப் படியாகச் செய்வதற்கும் இதுபோல ஒரு காரணம் உண்டு. சரிவில் எந்த ரோபோவும் நிற்காது. படி பார்க்க இயற்கையாக இராது, ஆனால் உயரத்தை எண்ணலாம், பொம்மையும் விழாது.

படி என்றதும் கொலு நினைவுக்கு வருகிறது. மாடல்களைக் கலப்பது பற்றி நான் கற்ற முதல் பாடம் அங்கேதான். மரப்பாச்சிக்குப் பக்கத்தில் செட்டியார் பொம்மை, அதற்குக் கீழே கிரிக்கெட் செட், அப்பால் பிளாஸ்டிக் யானை. ஒன்றுக்கொன்று அளவில் எந்த உறவும் கிடையாது. ஆனால் கீழே தரையில் அமைக்கும் பார்க்கில் மட்டும் எல்லாம் ஒரே ஊர் ஆகிவிடும். மணல் ஒன்று, முளைவிட்ட கடுகின் பச்சை ஒன்று, குளமாக வைத்த கண்ணாடி ஒன்று. ஒரே மண்ணில் நிற்பவை ஒரே உலகத்தைச் சேர்ந்தவை என்று கண் தானாக முடிவு செய்கிறது. ரோபோ மேசையில் இதை அடித்தட்டு செய்துவிடும். யார் கொண்டுவரும் ரோபோவானாலும் வகுப்புக்கு ஏற்ற வட்டத் தட்டின் மேல் நிற்க வேண்டும். எல்லாத் தட்டிலும் களத்தில் போட்ட அதே சலித்த மணலும் அதே பழுப்பும். ஒட்டச் சொல்வதில்லை, ஏற்றி நிறுத்தினால் போதும். தட்டின் விளிம்பில் முன்பக்கத்துக்கு ஒரு வெள்ளைக்கோடு. தூரத்தை எப்போதும் தட்டிலிருந்து தட்டுக்குத்தான் அளக்கிறோம், எனவே நீட்டிய துப்பாக்கியும் விரித்த இறக்கையும் வம்புக்கு இடமில்லாமல் போகின்றன. மூன்று கடையில் வாங்கிய மூன்று பொம்மை, தட்டில் ஏறியதும் ஒரே படையாகத் தெரிவதை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும்.

எவ்வளவு நிலப்பரப்பு வைப்பது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வெட்டவெளி மேசையில் தூரத்துப் பீரங்கி வைத்திருப்பவர் ஜெயிப்பார், மற்றவர்கள் பகடை உருட்டவே வந்தவர்கள் ஆகிவிடுவார்கள். மேசையின் ஒரு விளிம்பில் கண்ணை வைத்துப் பார்த்தால் எதிர் விளிம்பு தடையில்லாமல் தெரியக் கூடாது. அப்படித் தெரியும் சந்து இரண்டு இருந்தால் போதும். அந்தச் சந்தைக் கடப்பதுதான் ஆட்டத்தின் திகில். மேசை நாலடி அகலத்தைத் தாண்டினால் நடுவில் கை எட்டாது. எட்டிப் பிடிக்கும் சட்டைக் கை ஒரு தெருவையே சாய்த்துவிடும்.

சமபலம் பற்றி நிறையப் பேசுகிறார்கள். பேட்டில்டெக்கில் ஒவ்வொரு எந்திரத்துக்கும் போர் மதிப்பு என்று ஒரு புள்ளி உண்டு. இரு தரப்பின் கூட்டுத்தொகையைச் சமமாக வைத்தால் ஆயிற்று. பெயரில்லாத பொம்மைக்கு அதன் வடிவத்துக்கு நெருக்கமான ஓர் எந்திரத்தின் விவரத் தாளைக் கொடுத்துவிடுவேன். ஆனால் புள்ளிக் கணக்கு நிலத்தை அறியாது. மேலே சொன்ன என் பழைய ஆட்டத்திலும் புள்ளிகள் சமமாகத்தான் இருந்தன. எதிரியை ஒழிப்பதை மட்டும் வெற்றியாக வைக்காமல், பாலத்தைக் கடப்பது, ஆலையைக் காப்பது என்று ஒரு காரியம் வைத்தால் சமமின்மையும் சுவையாகிவிடும். மிச்சத்துக்கு நடுவர் இருக்கிறார். பிரஷ்யப் படையில் விதிப்புத்தகம் தடித்துக்கொண்டே போனபோது, வெர்டி து வெர்னுவா என்ற தளபதி 1876-இல் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்புக்கு விடச் சொன்னார். கலப்பு மேசைக்கு அது இன்றும் பொருந்தும். ஆட்டம் தொடங்குமுன் எல்லோரையும் மேசையைச் சுற்றி வரச்செய்து, இது காடா, இது ஏற முடிந்த பாறையா, இந்தச் சுவர் எந்த வகுப்பை மறைக்கும் என்று ஒவ்வொரு துண்டையும் தொட்டுக் கேட்டுவிடுவேன். பத்து நிமிடம் ஆகும். நடுவில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை அங்கேயே முடிந்துவிடும்.

முப்பரிமாண அச்சு எந்திரம் வந்தபின் எந்த ரோபோவையும் எந்த உயரத்திலும் எடுத்துக்கொள்ளலாம், இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். வசதிதான். வடிவத்தை வரைந்தவருக்குரிய பணத்தைக் கொடுத்து அச்சிட்டுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தப் பையனின் லாரி ரோபோவை அச்சில் எடுக்க முடியாது. அவன் அதைத்தான் களத்தில் பார்க்க வருகிறான்.

போன மழைக்காலத்தில் செய்த ஒரு கட்டடத்தை இப்போது மேசை நடுவில் வைத்திருக்கிறேன். 20 சென்டிமீட்டர் உயரம். ஒரு பக்கச் சுவரில் 2 சென்டிமீட்டருக்கு ஒரு மாடியாக, கதவும் பால்கனியும் வைத்துப் பத்து மாடி. அதே கட்டடத்தின் மறுபக்கத்தில் 1 சென்டிமீட்டருக்கு ஒரு மாடியாக, குண்டூசித் தலை அளவு ஜன்னல்களோடு இருபது மாடி. பெரிய ரோபோக்கள் வரும் நாளில் ஒரு பக்கத்தையும் கட்டைவிரல் எந்திரங்கள் வரும் நாளில் மறுபக்கத்தையும் திருப்பி வைக்கிறேன். இரண்டும் சேர்ந்து வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மூலையை முன்னால் காட்டி, இரண்டு தெருக்கள் சந்திக்கும் இடத்தில் நிறுத்துகிறேன். பத்து மாடித் தெருவில் கன்டம் நடந்து வரும்; இருபது மாடித் தெருவில் அட்லஸ்.